ஓய்வு பெற்றவரின் ஓய்வு எங்கே?

சென்னையில் பணி ஓய்வு பெற்ற பெரியவர்களைப் பற்றி, ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறார்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களுடைய ஒரு நாளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஃபஜ்ர் ஜமாஅத் முடிந்து திரும்பும்போதே கையில் பால் பாக்கெட். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டபின் ரேஷன் கடை வரிசை, மின்கட்டணம், வங்கி. லுஹருக்குப் பின் கண்ணயர்வதற்குள் பள்ளி விடும் நேரம். அஸருக்குப் பின் மக்தப். மஃரிபுக்குப் பின் வீட்டுப்பாடம். இஷா தொழுதுவிட்டு ஓத அமரும்போது கண்கள் சொருகிவிடுகின்றன.

குடும்பத்திற்கு உழைப்பதும் நன்மையே. அதை அவர்கள் மனமுவந்தே செய்கிறார்கள். ஆனால், 60 வயது வரை அலுவலகத்திற்குக் கொடுத்த நேரத்தை இனி இறைவனுக்கென ஒதுக்குவோம் என்று அவர்கள் வைத்த நிய்யத் என்னாவது? ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரு அருட்கொடைகளில் மக்கள் பலர் நஷ்டமடைவதாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அவ்விரண்டில் ஒன்றைப் பெற்றோரிடமிருந்து நாமே பறிக்கலாமா?

வேலையைச் சொல்லுமுன், ‘அத்தா, இன்று உங்களுக்கு நேரம் இருக்கிறதா?’ என்று கேட்போம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுதையேனும் அவர்களுக்கே விட்டுவிடுவோம். அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக, ஆமீன்.