டாக்டர் திட்டலாமா?

"மருந்து எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே! நான் என்ன சாப்பிடுகிறேன், எத்தனை பீடி குடிக்கிறேன் என்றெல்லாம் டாக்டருக்கு என்ன கேள்வி?"

இப்படிக் கோபப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றவர்கள் டாக்டர் கேட்க வேண்டும் என்றே ஆசைப்படுகிறார்கள். "எங்கள் டாக்டர் எல்லாம் விசாரிப்பார்" என்று சொல்லும்போது பலருக்குக் குரலிலேயே ஒரு பெருமை வந்துவிடும். விசாரிக்காத டாக்டருக்கு அந்தப் பெருமை கிடையாது.

அப்படியானால் மனக்கசப்பு எங்கே வருகிறது? கேட்கிற விதத்தில்தான் வருகிறது.

பத்துப் பேர் முன்னால்

சின்ன ஊர் ஆஸ்பத்திரி ஒன்றை நினைத்துப் பாருங்கள். டாக்டர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த நோயாளி. அவருக்குத் துணைக்கு வந்தவர். கதவோரத்தில் இன்னும் நாலு பேர். திரைச்சீலை இருக்கிறது. ஆனால் அது எப்போதும் ஒரு பக்கமாக ஒதுங்கியே கிடக்கும்!

"இவ்வளவு எடை இருந்தால் முட்டி வலிக்காமல் என்ன செய்யும்? வாயைக் கட்டும்மா!" என்கிறார் டாக்டர், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

சொன்னது உண்மைதான். ஆனால், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த அம்மாளுக்கு முட்டி வலி நினைவுக்கு வராது. பின்னால் நின்றவர்கள் சிரித்ததுதான் நினைவுக்கு வரும். அடுத்த முறை அந்த டாக்டரிடம் போகமாட்டார். நேராக மருந்துக் கடைக்குப் போய் வலி மாத்திரை வாங்கி விழுங்குவார். வலி மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெட்டுப்போகலாம். ஒரு சொல் எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்!

பீடிக்காரர் கதையும் இப்படித்தான். "இன்னுமா விடவில்லை?" என்று அதட்டினால், "விட்டுவிட்டேன் சார்" என்பார். சட்டைப் பையில் பீடிக்கட்டு இருக்கும். அந்தப் பொய்யை நம்பி டாக்டர் மருந்து எழுதுவார்.

காவலாளிக்கு என்ன சொல்வது?

"அரிசியைக் குறை. காலையில் ஒரு மணி நேரம் நட. இரவு பத்து மணிக்குப் படுத்துவிடு." எல்லோருக்கும் இதே பாட்டுத்தான்.

இரவுக் காவலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்கு வேலைக்குப் போகிறார். காலை 8 மணிக்குத் திரும்புகிறார். தூக்கம் வராமல் இருக்க நாலு தடவை டீ குடிக்கிறார். அந்த டீயில் சர்க்கரை எவ்வளவு என்பது கடைக்காரருக்குத்தான் வெளிச்சம்! அவரிடம் போய்ப் "பத்து மணிக்குப் படு" என்றால் என்ன செய்வார்? தலையை ஆட்டிவிட்டு வருவார்.

"சர்க்கரை இல்லாமல் டீ கேட்டு வாங்குங்கள். கொஞ்ச நாள் கசக்கும், பிறகு பழகிவிடும். பன்னுக்குப் பதில் வீட்டிலிருந்து சுண்டல் கொண்டுபோங்கள். மணிக்கு ஒரு தடவை கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் செய்வார். ஏனென்றால் அது அவரால் முடிந்த காரியம். ஆனால், "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று முதலில் கேட்ட டாக்டர்தான் இதைச் சொல்ல முடியும்.

அரிசியைக் குறைப்பதும் லேசான விஷயம் அல்ல. தமிழகத்தில் 2011-ம் ஆண்டு முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். காய்க்கும் கீரைக்கும் காசு வேண்டும். ஏழை வீட்டில் தட்டு நிறையச் சோறு இருப்பதற்குக் காரணம் நாக்கு ருசி அல்ல. கையில் காசு இல்லாததுதான். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இரண்டு நிமிடம்

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாசலில் 60 பேர் காத்திருந்தால் ஒவ்வொருவரிடமும் எப்படிக் கதை கேட்பது?

67 நாடுகளின் கணக்குகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2017-ம் ஆண்டு வெளிவந்தது. சுவீடன் நாட்டில் டாக்டர் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல் செலவிடுகிறார். இந்தியாவில் சுமார் 2 நிமிடம்தான்!

சரி, 2 நிமிடத்தில் பேசி ஏதாவது பயன் உண்டா? உண்டு. லண்டனில் 28 குடும்ப டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 1979-ம் ஆண்டு வெளியாயிற்று. புகை பிடிக்கும் நோயாளிகள் சிலரிடம் டாக்டர் ஒன்றுமே சொல்லவில்லை. சிலரிடம், "புகையை விட்டுவிடுங்கள்" என்று ஓரிரு நிமிடம் பேசி, ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்து, "பிறகு விசாரிப்போம்" என்றும் சொல்லி அனுப்பினார்.

ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லாதவர்களில் 1,000 பேருக்கு 3 பேர் புகையை விட்டிருந்தார்கள். பேசி அனுப்பியவர்களில் 100 பேருக்கு 5 பேர் விட்டிருந்தார்கள்.

"ஐந்து பேர்தானா?" என்று கேட்காதீர்கள். அந்த ஐந்து பேருக்கும் குடும்பம் இருக்கிறது. "பிறகு விசாரிப்போம்" என்ற சொல்லுக்குத்தான் அதில் பெரிய பங்கு என்பேன். நம்மைப் பற்றி ஒருவர் மறுபடி கேட்பார் என்றால் மனிதனுக்கு ஒரு பொறுப்பு வருகிறது.

சமைப்பவரையும் கூப்பிடுங்கள்

திருக்குறளில் "மருந்து" என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதில் பத்துக் குறள். அவற்றில் பெரும்பகுதி மருந்தைப் பற்றியே பேசவில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறது! கடைசிக் குறளில் வள்ளுவர் நாலு பேரைக் கணக்கில் சேர்க்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அதோடு பக்கத்தில் இருந்து கவனிப்பவர்.

அந்த நாலாவது ஆளை இன்று டாக்டர்கள் மறந்துவிடுகிறார்கள். ரத்தக் கொதிப்புக்காரரிடம் "உப்பைக் குறை" என்கிறார்கள். உப்புப் போடுகிறவர் வெளியே பெஞ்சியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சின்னக் கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடக்கம். இதை அந்த அம்மாளிடம் அல்லவா சொல்ல வேண்டும்?

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய்ச் சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் இது. டாக்டர் கண்ணில் படாத ஒன்று இந்தப் பெண்கள் கண்ணில் படும். அதுதான் அடுப்பங்கரை.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ம் ஆண்டு வெளியான ஆய்வு சொல்கிறது. ஆறாத புண்ணுக்காகக் கால் விரலை எடுத்த பிறகு, "அன்றைக்கே சொன்னேனே" என்று டாக்டர் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, முந்தின நாள் காலையிலிருந்து இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டீ, முறுக்கு, பீடி ஒன்றையும் விடவேண்டாம். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். டாக்டர் அதைப் பார்க்காமல் ஒதுக்கி வைத்தால், "கொஞ்சம் பாருங்கள் சார்" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.