யார் போடுவது இந்தக் கணக்கு?

1971-இல் கிழக்கு வங்காள அகதிகள் லட்சக்கணக்கில் நம் நாட்டில் வந்து குவிந்தபோது, அவர்கள் பட்டினி கிடக்கப் பணக்கார நாட்டார் ஆடம்பரத்தில் திளைப்பது அறமன்று என்று எழுதினார் பீட்டர் சிங்கர் என்ற தத்துவப் பேராசிரியர். அந்தக் குரலை நாம் மதிக்கிறோம்.

ஆனால், கடும் ஊனத்துடன் பிறந்த சிசுவின் உயிரை முடிக்கப் பெற்றோருக்கு உரிமை வேண்டும் என்று வாதாடுபவரும் அவரேதான். அந்தச் சிசு போய், ஊனமில்லாத வேறொன்று பிறந்தால் உலகில் இன்பத்தின் மொத்தத் தொகை கூடுமாம். 1979-இல் வெளிவந்த அவரது நூலிலேயே இக்கணக்கு இருக்கிறது. இதைப் பயன்பாட்டுவாதம் என்கிறார்கள்.

நாம் கேட்பது ஒன்றே: அடுத்தவர் வாழ்வின் இன்பத்தை அளக்கும் படிக்கல் யார் கையில் இருக்கிறது?

2002-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சிங்கரை நேருக்கு நேர் சந்தித்து வாதிட்டார் ஹேரியட் மெக்பிரைட் ஜான்சன். பிறவியிலேயே தசை நலிவு நோய். குளிக்கவும் உடுத்தவும் பிறர் துணை வேண்டும். சக்கர நாற்காலியில் வாழ்ந்த வழக்கறிஞர் அவர். ஊனம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவர் வாழ்வு இனிதா, கொடிதா என்று சொல்ல முடியாது என்பதே அவர் வாதம். 2008-இல் மறையும் வரை அவர் அதில் உறுதியாக நின்றார்.

இது வெறும் ஏட்டுச் சண்டையா? இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், ஏழைகளுக்கு எந்தச் சிகிச்சை முதலில், எது கடைசியில் என்று பட்டியல் போட்டது. ஊனத்தோடு வாழ்வது எப்படியிருக்கும் என்று பொதுமக்களைத் தொலைபேசியில் கேட்ட கருத்தும் அதில் கலந்திருந்தது. ஊனமுற்றோர் உயிரை மலிவாக மதிக்கிறது என்று 1992-இல் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது.

நம் நாட்டுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுக் கட்டடங்களில் ஊனமுற்றோர் தடையின்றிச் சென்றுவர வசதி செய்ய ஐந்தாண்டுக் கெடு வைத்தது. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு முடிந்தது 2022 ஜூன். இன்றும் எத்தனை அலுவலகங்களில் படிக்கட்டே வழி! படிக்கட்டு தந்த துன்பத்தை உடலின் கணக்கில் எழுதிவிட்டு, "பாவம், இவர் வாழ்ந்தென்ன?" என்கிறது சமூகம்.

பிழைக்க வந்த இடத்தில் "பாரம்" என்ற சொல்லைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். அச்சொல்லை இன்னொருவர் மீது வீச விடலாமா? முதலில் சாய்தளம் கட்டுங்கள், வேலை கொடுங்கள், துணையாள் கொடுங்கள். பிறகு வாழ்கிறவரையே கேளுங்கள். அதுவரை அவர் உயிருக்கு விலை போடும் உரிமை எந்தப் பேராசிரியருக்கும் இல்லை. எந்த அரசுக்கும் இல்லை!