நம் கணக்கில் இருளர்

இந்தி பேசுபவர்கள் 52 கோடி என்று யாராவது எழுதினால் போதும், நம் ஆட்கள் உடனே கிளம்பிவிடுவார்கள். "அதுல 5 கோடி போஜ்புரி, ராஜஸ்தானி, சத்தீஸ்கரி எல்லாத்தையும் சேர்த்துக் காட்டுன கணக்கு" என்பார்கள். நியாயமான வாதம். நானும் இதையே சொல்வேன்.

அதே 2011 கணக்கெடுப்பில் 'தமிழ்' என்ற தலைப்புக்குக் கீழேயும் கொஞ்சம் பாருங்கள். இருளர் மொழி அங்கே உட்கார்ந்திருக்கிறது. 'கன்னடம்' என்பதற்குக் கீழே படுகர் மொழியும் குறும்பர் மொழியும் இருக்கின்றன. குறும்பர் என்ற ஒரே பெயருக்குள் ஆலு குறும்பர், பெட்ட குறும்பர் என்று வெவ்வேறு பேச்சுகள் இருப்பது அட்டவணைக்குத் தெரியாது. தோடர், கோத்தர் மொழிகளுக்குத் தனி வரியே கிடையாது. போஜ்புரிக்காகப் பொங்கியவர்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. விழுங்குவது நாம் என்றால் அது விழுங்கலாகத் தெரியாதோ?

இந்த அட்டவணை தயாராகும் விதம் இது. 2011இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சரிபார்த்து 1,369 ஆக்கினார்கள். 10,000 பேருக்குக் குறைவானவற்றை ஒதுக்கியதும் 270. அவற்றைத் தொகுத்ததும் 121 மொழிகள். இந்த 10,000 வரம்பு 1971 முதல் இருக்கிறது. நான் கோடு எழுதிப் பிழைப்பவன். திரையில் கொள்ளாததை ஃபில்டர் போட்டு மறைப்பது எனக்குப் புரிகிறது. ஃபில்டரைத் தாண்டி வந்ததுதான் டேட்டாபேஸே என்று சாதிப்பதுதான் புரியவில்லை.

அடுத்து பெருமைக்காரர்கள் வருவார்கள்: "மலையில பேசுறதெல்லாம் தமிழோட கொச்சை வடிவம்தானே?" ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழிலும் மலையாளத்திலும் செவி. கன்னடத்தில் கிவி, குடகில் கெவி, கோத்தர் மொழியில் கெவ். முதலில் இருந்தது 'க' ஒலி. இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் அதைச் 'ச' ஆக்கியது தமிழும் மலையாளமும். கோத்தர் மொழி அப்படி மாற்றவில்லை. செவி சிதைந்து கெவ் ஆகவில்லை. இந்த இடத்தில் பழசைக் காப்பாற்றியது கோத்தர்கள்தான். மொழிகளின் உறவை இப்படித்தான் பிரிக்கிறார்கள்: யார் யார் சேர்ந்து எதை மாற்றினார்கள் என்று பார்த்து. காதுக்கு ஒரே மாதிரி கேட்கிறதா என்பது அங்கே செல்லாது.

"இருளர் பேசுனா எனக்குப் புரியுதே" என்பதும் பதிலாகாது. மலையாளப் படம்கூடத்தான் சப்டைட்டில் இல்லாமல் பாதி புரிகிறது. இருளர் மொழிக்கென்றே கமில் சுவலபில் 1973இல் தனி நூல் எழுதினார். படுகர் மொழியின் உயிரொலிகள் பற்றி எமனோ 1939இலேயே கட்டுரை வெளியிட்டார். வேலையைச் செய்தவர்கள் செய்துவிட்டார்கள். படிக்கத்தான் நமக்கு நேரமில்லை.

பெட்டி என்றால் என்னவென்று காரைக்கால்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். எங்கள் விழிதியூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. பேச்சு மாறாது, நிர்வாகம் மாறிவிடும். தெலுங்கு பேசும் ஏனாமும் மலையாளம் பேசும் மாஹேயும் எங்களோடு ஒரே பெட்டியில் இருக்கின்றன. காரணம், பிரெஞ்சுக்காரன் ஆண்டது. அதற்காக எங்களை ஒரு மொழிக் குடும்பம் என்று யாரும் சொல்வதில்லை. பெட்டியைப் பார்த்தால் பெட்டி செய்தவனைத்தான் தெரிந்துகொள்ளலாம்.

இது வெறும் அட்டவணைச் சண்டை இல்லை. ஒரு மொழியைத் தமிழின் கொச்சை என்று எழுதிவிட்டால், அதைப் பேசும் பிள்ளை வகுப்பறையில் தப்பாகத் தமிழ் பேசும் பிள்ளை ஆகிவிடுகிறது. தனி மொழி என்று ஒப்புக்கொண்டால்தான், தமிழை இரண்டாவது மொழியாகக் கற்கும் பிள்ளையாக அதை நடத்த முடியும். அகராதி, பாடநூல், அந்த மொழி தெரிந்த ஆசிரியர் என்று கேட்கவும் வழி பிறக்கும்.

அடுத்த கணக்கெடுப்பு 2027இல். 10,000 வரம்பு இல்லாமல், யாரையும் யாருக்குக் கீழும் சேர்க்காமல், மக்கள் சொன்ன பெயரிலேயே முழுப் பட்டியலையும் வெளியிடச் சொல்வோம். தமிழின் எண்ணிக்கை கொஞ்சம் குறையும். குறையட்டும். போஜ்புரிக்காகப் பேச அப்போதுதான் நமக்கு வாய் இருக்கும்.