சர்க்கார் வேறு, ஜனங்கள் வேறு

முதலிபாளையம் சிட்கோவில் ஷிப்டு முடிந்து வரும் பனியன் தொழிலாளியும், சுற்றுக் கிராமங்களில் கூலிக்குப் போகும் விவசாயத் தொழிலாளியும் காஸாவைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். 2023 அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றது. அதன்பின் இஸ்ரேல் சர்க்கார் நடத்திய யுத்தத்தில், குழந்தைகள் உள்படப் பல்லாயிரம் பாலஸ்தீனியர்கள் மாண்டனர். 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு மீது வாரண்டு பிறப்பித்தது. இந்த அக்கிரமத்தைக் கண்டிப்பது நமது கடமை. கண்டித்தாலே யூத துவேஷி என்று முத்திரை குத்தி வாயடைக்கப் பார்ப்பவர்களுக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றில் எச்சரிக்கை தேவை. இஸ்ரேல் சர்க்கார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சிலர் பேச்சில் 'யூதன்' என்ற சொல் நுழைகிறது. யூதனே அப்படித்தான், உலகப் பணமெல்லாம் அவன் கையில் என்கிறார்கள். இது ஹிட்லரின் சரக்கு. இதை விற்றவர்கள்தான் 1933 மே மாதம் ஜெர்மன் தொழிற்சங்கங்களை நசுக்கினார்கள். பிறகு 60 லட்சம் யூதர்களைக் கொன்று குவித்தார்கள்.

நமது தையல் தொழிலின் சரித்திரத்தையே பாருங்கள். 1909-ல் நியூயார்க்கில் சட்டை தைக்கும் தொழிலாளர் சுமார் 20,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் ஏழை யூதப் பெண்கள். முன்னின்ற கிளாரா லெம்லிச்சும் யூதப் பெண்தான். 1911 மார்ச் 25-ந் தேதி அங்கே டிரையாங்கிள் கம்பெனியில் தீப்பிடித்தது. வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் யூத, இத்தாலியப் பெண்கள். கம்பெனி முதலாளிகள் இருவரும் யூதர்களே. லாபம் எடுத்தவனும் யூதன், வெந்து மாண்டவளும் யூதப் பெண் என்றால், அங்கே பகை பிறப்பிலா இருந்தது, வர்க்கத்திலா?

நம் மண்ணிலும் பாடம் உண்டு. 2013 மார்ச்சில் இலங்கையின் ராஜபக்ஷ சர்க்காருக்கு எதிராகத் தமிழ்நாடு கொதித்தது. நியாயமான கொதிப்பு. அந்த நாட்களில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த இலங்கை பிக்ஷு ஒருவர் தாக்கப்பட்டார். அந்த அடியால் ஈழத் தமிழனுக்கு என்ன நீதி கிடைத்தது? 2008 நவம்பரில் மும்பை நரிமன் இல்லத்தில் யூதர்களைக் கொன்றதால் எந்தப் பாலஸ்தீனியனுக்கு விடுதலை வந்தது? இந்தித் திணிப்புக்காகத் தில்லி சர்க்காரை எதிர்க்கும் நாம், பக்கத்து மெஷினில் தைக்கும் பீகார்த் தொழிலாளியையா பகைப்பது?

உரைகல் எளிது. ஒரு சர்க்கார் செய்த காரியத்தைக் கண்டித்தால் அது அரசியல். ஜனங்களின் பிறப்பைப் பழித்தால் அது துவேஷம். 2023 நவம்பரில் மத்தியத் தொழிற்சங்கங்கள், பாலஸ்தீனத் தொழிலாளிக்குப் பதிலாக இந்தியத் தொழிலாளியை இஸ்ரேலுக்கு அனுப்பாதே என்று ஒன்றாகக் குரல் கொடுத்தன. அந்த எதிர்ப்பு சர்க்கார்களின் ஒப்பந்தத்தின் மேல்; எந்த இனத்தின் மேலும் அல்ல. அதுவே நமது வழி.

தோழர்களே, கூட்டத்தில் துவேஷப் பேச்சு எழுந்தால் அங்கேயே திருத்துங்கள். யுத்தத்தை எதிர்த்து இஸ்ரேலின் வீதிகளிலேயே இறங்கிய யூதர்கள் உண்டு. அவர்களையும் பாலஸ்தீன மக்களையும் ஒருசேர நம் பக்கம் நிறுத்தும் குரலே பாட்டாளி வர்க்கத்தின் குரல்.