களவாவுக்குக் கல் வேண்டும்

மரக்காணத்திலிருந்து தெற்கே கூனிமேடு வரைக்கும் கரையோரமாக நடந்தால் காலில் படுவதெல்லாம் மணல்தான். அலை வந்து மோதும் பாறைக்கரையைப் பார்க்க வடக்கே மாமல்லபுரம் போகவேண்டும், இல்லையென்றால் தெற்குக் கோடியில் கன்னியாகுமரி. விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை அப்படி அமைந்துவிட்டது. ஆனாலும் திண்டிவனம் மீன் மார்க்கெட்டுக்குக் களவா வருகிறது. தடித்த உதடு, அகன்ற வாய், வெளிர்ப் பழுப்பு உடம்பு முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள். வளர்ந்தபின் பாறையை ஒட்டியே வாழ்நாளைக் கழிக்கிற மீன் அது. மணல் கரைக்காரர்களின் கூடையில் கல் மீன் எப்படி வந்தது?

விடை கடலுக்குள் இருக்கிறது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஆழத்தில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. மீனவர்கள் அவற்றைப் பார் என்பார்கள். ஜி.பி.எஸ். கருவி வருவதற்கு முன்பு, கரையில் தெரியும் பனை உச்சியையும் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து, வேறொரு திசையில் இன்னொரு கோடு பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்கினார்கள். அப்பா மகனுக்குச் சொல்லித்தந்த இடங்கள் அவை. வெளியாருக்குச் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் விட்டது நல்லதாகவும் போயிற்று; எல்லாருக்கும் தெரிந்த பாரில் களவா மிஞ்சுவதில்லை.

மணல் அடித்தளம் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். நகரும் தரையில் பாசியும் சிப்பியும் ஒட்ட முடியாது. கல் நகராது. அதனால் கல்லில் முதலில் பாசி படியும், பிறகு கொட்டலசும் சிப்பியும் ஒட்டும், அவற்றின் இடுக்கில் சிறு நண்டும் இறாலும் குடியேறும், அதைத் தின்னப் பொடிமீன் வரும். கடைசியில் வருவது களவா. அது விரட்டிப் பிடிக்கிற மீன் அல்ல. தனக்கென்று ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் நிறத்தைச் சுற்றியுள்ள கல்லுக்கு ஏற்றபடி கூட்டியும் குறைத்தும், அசையாமல் கிடக்கும். நண்டோ பொடிமீனோ பக்கத்தில் வந்ததும் வாயைத் திறக்கும். திறக்கிற வேகத்தில் தண்ணீர் உள்ளே பாயும், இரையும் கூடவே போய்விடும். கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்படி ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் மீனுக்கு, இடம் தெரிந்த தூண்டில்காரரிடமிருந்து தப்ப வழியில்லை.

இந்தக் கரைக்கும் களவாவுக்கும் உள்ள உறவு அறிவியல் நூல்களிலும் பதிந்திருக்கிறது. 1801-இல் ஜெர்மனியில் வெளியான பிளாக், ஷ்னைடர் இருவரின் மீன் நூலில்தான் மலபார் களவா முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான மீன் போனது தரங்கம்பாடியிலிருந்து. அங்கே டேனிஷ் மிஷனில் இருந்த பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் சோழமண்டலக் கரை மீன்களைப் பெர்லினில் இருந்த பிளாக்குக்கு அனுப்பிவந்தார். நம் கத்தாளை மீன் வகை ஒன்று இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரால் ஜானியஸ் என்றே அழைக்கப்படுகிறது. அந்த மீன்களைப் பிடித்துக் கொடுத்த தரங்கம்பாடி மீனவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

அதைவிடப் பழைய பதிவும் உண்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துப் பரதவர் குடியில் பாணர்களுக்குச் சுட்ட குழல்மீன் கிடைக்கிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், அதே நாட்டின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கடலிலிருந்து கிடங்கிலுக்கு வரும் இந்தச் சுமார் 35 கிலோமீட்டர் வழியில் மீன் வாசனை அடிக்காத நூற்றாண்டு இருந்திருக்காது.

இப்போது அதற்கு எதிர்த் திசையில் கல் போகிறது. பாறாங்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் கிழக்கே போவதை வானூர் பக்கத்துச் சாலைகளில் பார்த்திருக்கிறேன். காரணம் புதுச்சேரித் துறைமுகத்தில் தொடங்குகிறது. 1980-களின் பிற்பாதியில் அங்கே அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திரும்பும். சுவர் அந்த ஓட்டத்தை நிறுத்தியது. மணல் வராத வடக்குப் பக்கம் கரையத் தொடங்கியது. புதுச்சேரி நகரம் கல் கொட்டித் தன்னைக் காத்துக்கொண்டது. அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நம் மாவட்டத்துக் குப்பங்களுக்குள் வந்தது. அங்கேயும் கல் கொட்டினார்கள். கட்டுமரமும் ஃபைபர் படகும் ஏற்றிவைக்க இருந்த மணல்வெளி போய், கருங்கல் குவியல் வந்தது.

ஆக, பாறைக்கரை இல்லாத மாவட்டத்துக்கு மனிதன் கையால் ஒரு பாறைக்கரை வந்துவிட்டது. கல்லுக்கும் உயிருக்கும் கொட்டியது யார் என்ற கேள்வி இல்லை. அந்தக் கற்களில் கொட்டலசு ஒட்டியிருக்கிறது, நண்டு ஓடுகிறது. தூண்டில் போடும் பையன்கள் கீச்சானோடு சில நாள் உள்ளங்கை அகலக் களவாவையும் இழுக்கிறார்கள். இதைக் காட்டி, கல் கொட்டியதால் மீன் பெருகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மணல் கரை போனதால் கரைவலை இழுக்க இடமில்லாமல் போனவர்களுக்கு நாலு களவாக் குஞ்சு ஈடாகாது. மீனுக்காகக் கல் போடுவதென்றால் அதற்கு வேறு முறை இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டுக் கடலில் பல இடங்களில் கான்கிரீட்டால் செய்த செயற்கைப் பார்களை ஆழம் பார்த்து, மீனவர்களைக் கேட்டு இறக்கியிருக்கிறது. அதற்கும் முன்பே நம் மீனவர்கள் மரக்கிளையையும் தென்னை ஓலையையும் கல்லில் கட்டி இறக்கி மீனைச் சேர்த்தவர்கள்தான்.

கல் மட்டும் இருந்தால் போதாது. களவாவின் முட்டை பாறையில் ஒட்டுவதில்லை, மேல்நீரில் மிதக்கும். சுமார் ஒரு நாளில் பொரிந்து வரும் குஞ்சுக்கு முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலும் உடம்பைவிடப் பெரிதாகத் தெரியும் முட்கள் வளரும். சில வாரம் நீரோட்டத்தோடு போய், பிழைத்தவை கரையோரம் ஒதுங்கும். ஆரஞ்சுப் புள்ளிக் களவா, மலபார் களவா இரண்டின் குஞ்சுகளும் கழிமுகத்து உவர்நீரிலும் அலையாத்தி வேர்களுக்கிடையிலும் வளர்ந்து, பெரிதானதும் பாருக்குப் போகும். மரக்காணத்துக்குப் பக்கத்தில் நமக்கு எடையன்திட்டுக் கழிமுகமும் அதன் வழியே கடலைத் தொடும் கழுவெளி ஏரியும் இருக்கின்றன. 2021-இல் கழுவெளியில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்காகக் காத்த தண்ணீர் மீனையும் காக்கும். கழிமுகத்தின் வாய் தூர்ந்தாலோ அங்கே கழிவு சேர்ந்தாலோ, கடலில் எத்தனை கல் இறக்கினாலும் அதில் குடியேறக் குஞ்சு வராது.

களவாவைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். இந்த மீன் முதலில் பெண்ணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் பெண்ணாக முட்டையிட்டு, பெரிதான பிறகு ஆணாக மாறுகிறது. ஆரஞ்சுப் புள்ளிக் களவா 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில், இரண்டு மூன்று வயதில், பெண்ணாகச் சினைப்படும். 55 முதல் 75 சென்டிமீட்டர் வளரும்போதுதான் ஆணாகும். குஞ்சு பொரிப்பகங்களில் இது பெரிய தலைவலி. கைக்கு வசமாகக் கிடைக்கும் மீனெல்லாம் பெண். பெரிய ஆணைத் தேடிப் பிடிப்பது கடினம். அதனால் ஹார்மோன் கொடுத்துப் பெண்ணை முன்கூட்டியே ஆணாக மாற்றி இனப்பெருக்கம் செய்யவேண்டியிருக்கிறது.

கடலில் அப்படி ஹார்மோன் கொடுக்க யாரும் இல்லை. ஒரு பாரில் உள்ள பெரிய களவாக்களை ஒரு வாரத்தில் தூண்டில் போட்டு எடுத்துவிட்டால், அந்தப் பாரின் ஆண்கள் எல்லாம் ஏலத்துக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். சிறியதை எடுத்தால், ஒரு முறையும் முட்டையிடாத பெண் போகிறது. நெத்திலி ஓராண்டுக்குள் முதிர்ந்து பெருகும். அள்ளினாலும் அடுத்த பருவத்தில் வரும். களவாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு இருக்கிறது. நல்ல ஏற்பாடு, நான் ஆதரிக்கிறேன். ஆனால் பல ஆண்டு எடுத்து ஆணாகும் மீனுக்கு இரண்டு மாத ஓய்வு எந்த மூலைக்கு? நானூறு கிலோ வரை வளரும் ராட்சதக் களவாவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மற்ற களவாக்கள் எல்லாம் நம் தட்டுக்குத்தான்.

பெரிய களவாவைப் பிடிக்காதே என்று மீனவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. டீசல் விலைக்கும் ஐஸ் விலைக்கும் நடுவில் அந்த ஒரு மீன்தான் அவருடைய வாரத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் சிறியதை விடலாம். கேரள அரசு 2015-இல் 14 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்தது. பிறகு அதை 58 இனங்களாக்கியது. நம் அரசும் களவாவுக்கு ஓர் அளவு வைத்து, அதைத் துறைமுகத்திலும் மார்க்கெட்டிலும் சரிபார்க்க வேண்டும். பெரிய ஆணைக் காக்க அதைவிட நல்ல வழி குப்பத்துப் பஞ்சாயத்திடம் இருக்கிறது. எந்த வலை போடலாம், எது கூடாது என்று கட்டுப்பாடு போட்டு நிறைவேற்றுகிற ஊர்கள் அவை. ஊருக்கு ஒரு பாரை, சின்னதாக இருந்தாலும் சரி, யாரும் தூண்டில் போடாமல் விட்டுவைக்கலாம். அங்கே பெருகும் குஞ்சு பக்கத்துப் பார்களுக்கும் போகும். எந்தப் பார் என்பதை அதிகாரிகள் அல்ல, இடம் தெரிந்த மீனவர்களே தீர்மானிக்க வேண்டும்.

வாங்குகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. ஓர் அடிக்குக் குறைந்த களவாவை நான் வாங்குவதில்லை. ஓட்டலில் முழு மீனாகத் தட்டில் வைத்துத் தரும் சின்னக் களவாவையும் கேட்பதில்லை. வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். "குட்டியெல்லாம் பொட்டைன்னு எனக்கு யாரும் சொல்லலியே சார். வாங்குறவங்க பெரிசு கேட்டா நான் ஏன் ஏலத்துல சின்னத எடுக்கப்போறேன்?" என்றார். அடுத்த முறை போனபோது, பக்கத்துக் கடைக்காரரிடம் அதையே அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அளவு மட்டும் ஒரு சாணைக் கூட்டிச் சொன்னார். நான் திருத்தவில்லை.