சருகு உதைத்த டிடி

கல்லூரி மலர்களில் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுவோர் கோல் போட்டவர்களின் பெயர்களையே பெரிதும் எழுதுகின்றனர். பரிசளிப்பு விழாவிலும் அவ்வாறே. கோல் போட்டவனுக்குக் கிண்ணம். அவன் காலடியிற் பந்தைக் கொண்டுவந்து சேர்த்தவனுக்குக் கைதட்டலும் இல்லை. இது முறையன்று என்பது என் துணிபு. அதற்குச் சான்று கூறப் பிறேசில் நாட்டு டிடி என்பாரை இங்கு அழைக்கின்றேன்.

வால்டிர் பெரெய்ரா என்பது அவரது இயற்பெயர். 1928ஆம் ஆண்டு கம்போஸ் நகரிற் பிறந்தவர். இளமையில் முழங்காலிற் கண்ட புண் முற்றி, காலையே இழக்கும் நிலையிலிருந்து தப்பியவர். 1950இல் றியோ நகரின் மரக்கானா அரங்கு திறக்கப்பட்டபோது அங்கே முதற் கோலைப் போட்டவரும் அவரே. எனினும் கோல் போடுவது அவர்தம் தொழிலன்று. நடுக்களத்தில் நிமிர்ந்து நின்று, எவனுக்கு எப்போது பந்து வேண்டுமென அறிந்து கொடுப்பதே அவர் தொழில். ஓடவேண்டியது பந்தேயன்றி ஆட்டக்காரன் அல்லன் என்பது அவர் கொள்கை.

நாரந்தனை வெளியில் சோளகக் காற்றுக்கு எதிராக விளையாடியோர் இக்கொள்கையின் அருமையை உணர்வர். உயர அடித்த பந்து அடித்தவனுக்குச் சொந்தமன்று, காற்றுக்கே சொந்தம். ஆயினும், “பலமாய் அடி!” என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துவோர் இன்றும் உளர்.

தனியுதை அடிக்கையில் டிடி காற்றையே வேலை வாங்கினார். தடுப்போர் தலைக்கு மேலே சென்ற பந்து, மரத்திலிருந்து உதிரும் சருகுபோல் அசைந்து திடீரெனத் தாழும். பிறேசிலார் அதற்கு இட்ட பெயரும் சருகு என்பதே. 1957இல் பேரு நாட்டை 1–0 என வென்று, உலகக் கிண்ணப் போட்டிக்கு அவர்கள் தகுதி பெற்றதும் அவ்வாறான ஓர் உதையினாலேயே.

இவையெல்லாவற்றிலும் நான் பெரிதாகக் கருதுவது, அவர் பந்தை உதையாது சுமந்த ஒரு நிமிடத்தையே. 1958 ஜூன் 29ஆம் நாள் ஸ்ரொக்ஹோம் நகரை அடுத்த சோல்னாவில் இறுதியாட்டம். நான்காம் நிமிடத்திலேயே சுவீடன் ஒரு கோல் போட்டுவிட்டது. டிடி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பதறாது, மெல்ல மெல்ல நடுக்களத்துக்கு நடந்தார். நடந்தவாறே தோழர்களைத் தேற்றினார். ஆட்டம் 5–2 என முடிந்தது, கிண்ணம் பிறேசிலுக்கு.

நான் மாணவனாய் நடுக்களத்தில் ஆடிய ஓர் ஆட்டத்திலும் தொடக்கத்திலேயே கோல் விழுந்தது. நாங்கள் செய்ததென்ன? கோல் காப்பாளனைச் சூழ்ந்து ஏசினோம். முதலில் வாய் திறந்தவன் நானே. அவன் அழுதுகொண்டே தானே பந்தை எடுத்துவந்தான். அதன்பின் விழுந்த கோல்களை இங்கு எழுத விரும்புகின்றிலேன்.

1959இல் றியல் மட்றிட் கழகத்துக்குச் சென்ற டிடி அங்கு ஒளிரவில்லை. மறு ஆண்டே திரும்பினார். 1962இல் இரண்டாம் முறையாக உலகக் கிண்ணம் வென்ற அணியிலும் ஆடினார். 1970இல் பேரு அணியின் பயிற்றுநராகச் சென்று, கால் இறுதியிலே தம் தாய்நாட்டிடமே 4–2 எனத் தோற்றார். 2001இல் மறைந்தார்.

கோலை எண்ணலாம், கொடுத்த பந்தை எவ்வாறு எண்ணுவது என நண்பர் வினவுகின்றனர். 1958இல் பிரான்சின் பொன்ரெயின் 13 கோல் போட்டார். பதினேழு வயதுப் பெலே 6 போட்டார். ஆயினும் அப்போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனக் கொள்ளப்பட்டவர் ஒரே கோல் போட்ட டிடியே. ஆகவே, பழைய மாணவர் இவ்விழா நினைவாக வழங்கக் கருதும் கிண்ணம் நடுக்கள ஆட்டக்காரனுக்கே உரியதாகுக. எண்ணுதற்கு ஆள் வேண்டின், கொப்பியும் பென்சிலுமாகக் கோட்டருகே அமர நான் ஆயத்தம், நாரந்தனைக்குக் கடைசி பஸ் புறப்படும் வரையில்.