காலில் வைத்த ஸ்டென்ட் எத்தனை நாளைக்கு?

கத்தி இல்லை, தையல் இல்லை, மறுநாளே வீடு! கால் அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கச் சொல்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். மூன்றாம் வருடம் அந்தக் கால் எப்படி இருக்கும் என்பதை யாரும் பேசுவதில்லை.

இதயத்தில் வைப்பது போலத்தானே காலிலும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. தொடை ரத்தக்குழாய் நீளமானது. உட்கார்ந்தால் மடங்கும், நடந்தால் முறுக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் உலோக வலை ஒவ்வொரு அடிக்கும் வளைந்து கொடுக்க வேண்டும். சில நேரம் அது உடைந்தே போகிறது.

2006-ல் வெளிவந்த வியன்னா ஆய்வைப் பாருங்கள். மொத்தம் 104 பேர். ஒரு வருடத்தில் பலூன் சிகிச்சை பெற்றவர்களில் 63 சதவீதம் பேருக்குக் குழாய் மறுபடி சுருங்கியது. ஸ்டென்ட் வைத்தவர்களில் 37 சதவீதம். ஸ்டென்ட் ஜெயித்தது, சரி. ஆனால் ஜெயித்த பக்கத்திலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் திரும்ப அதே கதை! இரண்டாம் வருடத்தில் அது 46 சதவீதம் ஆனது. பிறகு வந்த மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று, ஐந்து வருட முடிவில் சுமார் 66 சதவீதம் பேருக்குத் திறந்திருந்தது. முன்னேற்றம்தான். மீதிப் பேர்?

இடுப்புப் பக்கக் குழாயில் ஸ்டென்ட் நன்றாகவே நிலைக்கும். அங்கேயும் அமெரிக்காவில் 111 பேரை வைத்து 2011-ல் வெளிவந்த கிளெவர் ஆய்வு என்ன சொன்னது? ஆறு மாதத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களின் நடக்கும் நேரம் 3.7 நிமிடம் கூடியது. மேற்பார்வையில் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு 5.8 நிமிடம்! ஸ்டென்ட் வைத்தவர்கள் அன்றாட வாழ்க்கை அதிகம் சுலபமானதாகச் சொன்னார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது என்ற எளிய வைத்தியத்தை முதலில் சொல்லாமல் விடுவது என்ன நியாயம்? சிகரெட்டை விடச் சொல்வதற்கும், கொழுப்பு மாத்திரைக்கும் பெரிய பில் போட முடியாது என்பதாலா?

ஆறாத புண், கருத்த விரல், படுத்திருந்தாலும் வலி என்றால் விஷயமே வேறு. அங்கே தாமதித்தால் காலே போய்விடும். ரத்த ஓட்டத்தை உடனே சரிசெய்தாக வேண்டும். அப்போதும் ஸ்டென்ட் மட்டுமே வழியல்ல. நல்ல கால் நரம்பு இருப்பவர்களுக்கு பைபாஸ் மேல் என்றது 2022-ன் பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு. முழங்காலுக்குக் கீழான அடைப்பில் 2023-ன் பேஸில்-2 நேர்மாறாகச் சொன்னது. ஆக, ஆளைப் பார்த்து, அடைப்பு இருக்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

நடந்தால் மட்டும் கெண்டைக்கால் வலிக்கிறவருக்கு அவசரமே இல்லை. கையெழுத்துப் போடுமுன் அவர் கேட்க வேண்டியது: "மறுபடி அடைத்தால் அடுத்து என்ன செய்வீர்கள் டாக்டர்?"